இது எந்த நாட்டுத் தலைக்கவசம்?

பழைய எஃகுத் தலைக்கவசம் ஒன்றின் படத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் பதில் "ஜெர்மனி" என்பதுதான். காதை ஒட்டி இறங்கிப் பிடரியை மறைக்கும் அந்த வடிவத்தைப் போர்ப் படங்கள் நம் கண்ணில் அப்படிப் பதித்துவிட்டன. தட்டையாக இருந்தால் "பிரிட்டன்", உருண்டையாக இருந்தால் "அமெரிக்கா". மூன்றிலும் அடங்காவிட்டால் "ஏதோ அபூர்வமானது", அதாவது விலை அதிகம். பழைய ராணுவப் பொருள்களில் எனக்குள்ள ஈடுபாட்டை அறிந்தவர்கள் அவ்வப்போது படம் அனுப்பி, இது என்ன, யார் அணிந்தது, எதற்காக என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் வரும். முன்பக்கத்திலிருந்து, சற்றுக் கம்பீரமாக எடுத்தது. ஒரு தலைக்கவசம் தன்னைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வது அந்தக் கோணத்தில்தான்.

வடிவத்தை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது என்பதற்கு அயர்லாந்தின் கதை ஒன்றே போதும். 1920களில் அயர்லாந்து ராணுவத்துக்கு ஜெர்மன் பாணித் தலைக்கவசம் வேண்டியிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது விதிக்கப்பட்ட வெர்சாய் ஒப்பந்தத்தின் தடை இருந்ததால் ஜெர்மனியிடம் வாங்க முடியவில்லை. கடைசியில், 1927-ல், அதே ஜெர்மன் வடிவத்தைச் செய்து கொடுத்தது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம். முந்தைய போரில் எந்தத் தலைகளை நோக்கிப் பிரிட்டன் குண்டு வீசியதோ, அதே தலைகளின் கவசத்தைப் பிரிட்டிஷ் தொழிற்சாலை ஒன்று செய்து விற்றது! 1940-ல் அயர்லாந்து பிரிட்டிஷ் மாதிரிக்கு மாறியதும் பழையவற்றுக்கு வெள்ளை பூசி அவசர சேவைப் பணியாளர்களிடம் கொடுத்தார்கள். இன்று ஒருவர் கையில் அந்த வெள்ளைக் கவசம் கிடைத்தால், "ஜெர்மன் மருத்துவப் படையினுடையது" என்று சத்தியம் செய்வார்.

ஹங்கேரியின் 1930களின் பிற்பகுதிக் கவசமும் அப்படித்தான். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் ஜெர்மனியின் 1935 மாதிரியேதான். பின்பக்கம் திருப்பினால் விளிம்புக்குச் சற்று மேலே செவ்வக வளையம் ஒன்று ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். நடைப்பயணத்தின்போது முதுகுப் பையில் மாட்டித் தொங்கவிடுவதற்கான ஏற்பாடு. அந்த வளையத்தைப் பார்த்துவிட்டால் வேறு விவாதம் தேவையில்லை. ஸ்பெயினின் 1942 மாதிரியில் முன்பக்கம், சின்னம் செருகுவதற்கான சிறு பிடி ஒன்று இருக்கும். சீனக் குடியரசு ஜெர்மனியிடமிருந்தே வாங்கிய கவசங்களில் வெண்சூரியச் சின்னம் இருக்கும். அமெரிக்கா 1980களில் கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையால் ஆன கவசத்துக்கு மாறியபோது, காதையும் பிடரியையும் மறைக்கும் அதே வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அமெரிக்க வீரர்களே அதற்கு "ஃப்ரிட்ஸ்" என்று, ஜெர்மன் வீரனைக் கேலியாகக் குறிக்கும் சொல்லையே பட்டப்பெயராக வைத்தார்கள். நல்ல வடிவம் எல்லை கடக்கும். அதனால்தான் வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் பதிலில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஆனால் வடிவம் வேறொன்றைச் சொல்லும்: அதை வரைந்தவர் எந்த ஆபத்தை மனத்தில் வைத்து வரைந்தார் என்பதை. 1914-ல் ஐரோப்பியப் படைகள் துணித் தொப்பியோடும் தோல் தொப்பியோடும்தான் போருக்குப் போயின. பதுங்குகுழிப் போரில் தலைக்காயங்கள் குவிந்த பிறகே எஃகைப் பற்றி யோசித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1915-ல் முந்திக்கொண்டார்கள். ஆகஸ்ட் லூயி அட்ரியன் என்ற அதிகாரியின் பெயரால் அறியப்படும் அந்தக் கவசம் மெல்லிய தகடு. எடை சுமார் 700 கிராம். உச்சியில் ஓடும் கொண்டை அழகுக்காக வைத்ததாகத் தோன்றும். அதன் அடியில் காற்றுத் துளை ஒளிந்திருக்கிறது. அதே ஆண்டு லண்டனில் ஜான் பிராடி காப்புரிமை பெற்ற கவசம் ஒரே தகட்டை அழுத்திச் செய்த அகன்ற தட்டு. மேலே வெடித்துச் சிதறி விழும் ஷ்ராப்னல் குண்டுகளிடமிருந்து தலையையும் தோளையும் காப்பதே அதன் கணக்கு. பக்கவாட்டைப் பற்றி அதற்குப் பெரிய கவலை இல்லை. ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியின் ஃபிரீட்ரிக் ஷ்வெர்ட் வடிவமைத்து 1916-ல் பிரான்ஸின் வெர்டன் போர்முனைக்கு வந்த ஜெர்மன் கவசம் பிடரியையும் கன்னப்பொட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அந்த 1916 மாதிரியின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொம்புகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பழைய ஜெர்மானிய வீரர்களின் கொம்புத் தொப்பியை நினைவூட்டுவதற்காம், எதிரியைப் பயமுறுத்துவதற்காம், இப்படிப் பல விளக்கங்கள் உலவுகின்றன. உண்மை இன்னும் சுவையானது. அவை காற்றுத் துளைகள். கூடவே, நெற்றிக்கு முன்னால் மாட்டும் கனத்த எஃகுத் தகட்டைத் தாங்கும் முளைகளும் அவைதான். அந்தத் தகடு மட்டும் 2 கிலோவுக்கும் மேல் இருக்கும். இயந்திரத் துப்பாக்கிக்காரரும் காவல் நிற்பவரும் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும்போது மாட்டிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டு ஓடினால் கழுத்து தாங்காது. இங்கே ஒரு சிக்கல் வந்தது. தலைக்கவசம் பல அளவுகளில் இருக்கிறது, நெற்றித் தகடோ ஒரே அளவு. சிறிய கவசத்தில் கொம்புகளுக்கு இடையிலான தூரம் குறைந்துவிடும், தகடு பொருந்தாது. தீர்வு என்னவென்றால், சிறிய அளவுகளில் கொம்பின் அடியில் படி வைத்து நீட்டிவிட்டார்கள். ஆகவே கொம்பின் அடியில் படி இருக்கிறதா என்று பார்த்தாலே கவசம் சிறியதா பெரியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். போலி செய்பவர்கள் கோட்டைவிடும் இடங்களில் இதுவும் ஒன்று: எல்லா அளவுக்கும் ஒரே கொம்பைப் பொருத்திவிடுவார்கள்.

1918 மாதிரியில் காதருகே வளைவாக வெட்டிவிட்ட வகை ஒன்று உண்டு. விற்பனைப் பட்டியல்களில் அதற்கு "குதிரைப்படைக் கவசம்" என்றோ "தொலைபேசிக்காரர் கவசம்" என்றோ பெயர் போட்டிருப்பார்கள். அந்த வெட்டு, காதை மூடிய எஃகுக்குள் ஒலி எதிரொலித்துக் கேட்பது குழம்பியதைத் தீர்ப்பதற்காக. குதிரையைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். குதிரை சேர்ந்தால் விலையும் சேரும்.

எனவே நான் கேட்கும் முதல் காரியம், கவசத்தைக் கவிழ்த்து உள்ளே படம் எடுங்கள் என்பதுதான். ஜெர்மன் கவசமானால் உட்புற ஓரத்தில் எழுத்துக் குறியும் ஒரு எண்ணும் அழுத்தியிருக்கும். "ஈடி 64" என்றிருந்தால் தாலே நகரத் தொழிற்சாலையில் செய்தது, எஃகுக் கூட்டின் அளவு 64 என்று பொருள். "க்யூ" என்றால் எஸ்லிங்கனில் இருந்த குவிஸ்ட் நிறுவனம். முதல் உலகப் போரின் அமெரிக்கக் கவசம் பிரிட்டிஷ் பிராடியின் நேர் நகல். விளிம்பின் அடியில் "இசட்" என்று தொடங்கும் முத்திரை இருந்தால் அது அமெரிக்கச் சரக்கு. 1941-ல் வந்த அமெரிக்காவின் எம்-1 கவசத்தில் முன்விளிம்பின் உட்புறம் எண்ணும் எழுத்தும் இருக்கும். தாடை வாரைக் கோக்கும் வளையம் அசையாமல் இருந்தால் முந்தையது, மடங்கினால் 1943-ன் இறுதிக்குப் பிந்தையது. பெல்ஜியம், நெதர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி எல்லாம் பின்னாளில் இதே வடிவத்தைச் செய்துகொண்டன. அங்கேயும் முத்திரையும் வாரும்தான் பிரித்துக் காட்டும்.

முத்திரை பிறப்பிடத்தைச் சொல்லும். எதற்காகச் செய்தது என்பதைச் சொல்வது உள்ளே இருக்கும் தோலும் துணியும் வாரும்தான். பிரிட்டன் 1940களின் தொடக்கத்தில் அகன்ற விளிம்பே இல்லாத உருண்டைக் கவசம் ஒன்றைச் செய்தது. அதே எஃகுக் கூடு மூன்று வேலைகளுக்குப் போனது. பிடரியையும் காதையும் மூடும் தோல் மடல் தைத்திருந்தால் மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டு போகும் வீரருக்கு உரியது. சாதாரண உள்ளமைப்பும் சுருங்கி விரியும் ஒற்றைத் தாடை வாரும் இருந்தால் டாங்கிப் படைக்கு. கூட்டின் மூன்று இடங்களில் பொருத்திய வார்களும் தடித்த மெத்தையும் இருந்தால் பாராசூட் வீரருக்கு. வார்களெல்லாம் அற்றுப்போன வெறும் கூடு கையில் இருந்தால், அது வானத்திலிருந்து குதித்ததா, சைக்கிளில் போனதா என்று சொல்வது கடினம். ஆனால் விற்பவர்கள் சிரமமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள், எப்போதும் வானத்திலிருந்துதான் குதித்திருக்கிறது.

இன்னொரு பெரிய குடும்பம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் முகம் வாடிவிடும். ராணுவத்துக்கே போகாத கவசங்கள். இரண்டாம் உலகப் போரில் நகரங்கள் மீது குண்டு விழுந்ததால் வீட்டு மொட்டை மாடியிலும் தெருமுனையிலும் நின்றவர்களுக்கும் கவசம் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் விஞ்ஞானி சோலி சுக்கர்மனின் பெயரால் அறியப்படும் கவசம் அப்படிப்பட்டது: உயர்ந்த உருண்டை, சற்றே விரிந்த விளிம்பு, விளிம்பைச் சுற்றி ஜோடி ஜோடியாகத் துளைகள். உள்ளமைப்பைக் கயிற்றால் கோத்துக் கட்டத்தான் அந்தத் துளைகள். தீக்குண்டு விழுகிறதா என்று கண்காணிக்கும் தன்னார்வலர்களுக்காகச் செய்தது. எந்த ராணுவப் படத்திலும் இதைக் காண முடியாது என்பதால், "மிக அபூர்வமான சோதனை மாதிரி" என்ற பட்டத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் வான்வழிப் பாதுகாப்புக் கவசமும் இதே ரகம். மூன்று துண்டுகளைச் சேர்த்துச் செய்து, சேர்ந்த இடத்தைச் சுற்றி ஒரு புடைப்பு வரி ஓடும். முன்னால் சிறகு விரித்த சின்னம். அந்தப் புடைப்பு வரியைக் கண்டால் போர்முனையை மறந்துவிட்டு நகரத்துப் பதுங்கு அறையை நினைக்க வேண்டும்.

பிரிட்டிஷ் தட்டுக் கவசத்திலும் துளை பேசும். விளிம்பில் இரண்டோ மூன்றோ நான்கோ சிறு துளைகள் வேண்டுமென்றே போட்டிருந்தால், அந்த எஃகு குண்டுச் சோதனையில் தேறவில்லை, போர்முனைக்கு அனுப்பக் கூடாது என்று அர்த்தம். அவை உள்நாட்டுப் பணிக்குப் போயின. முன்னால் "டபிள்யூ" எழுதியிருந்தால் வான்தாக்குதல் வார்டன், "ஆர்" என்றால் மீட்புப் படை. இந்தத் துளைகளைத் துப்பாக்கி ரவை போன துளை என்று சொல்லி விற்றவரையும் பார்த்திருக்கிறேன். ரவை இவ்வளவு வட்டமாக, இவ்வளவு ஒழுங்கான இடைவெளியில், விளிம்பில் மட்டும் குறிவைத்துப் போகாது.

ரவைத் துளை என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கவசங்கள் எதுவும் அருகிலிருந்து நேராகச் சுட்ட ரைபிள் ரவையைத் தடுப்பதற்காகச் செய்யப்படவில்லை, சிதறல்களைத் தடுக்கத்தான். ஆகவே துளை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கவசம் முழுக்கத் துருவேறி, துளையின் ஓரம் மட்டும் பளிச்சென்று இருந்தால், அது போர் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு யாரோ குறிபார்த்துப் பழகியதன் அடையாளம். வரிசை வரிசையாகத் துளைகளும் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் உள்ள ஜெர்மன் கவசம் ஒன்றின் படத்தை அனுப்பி, "வெப்பநாட்டுக்கான காற்றோட்ட மாதிரியா?" என்று ஒருவர் கேட்டார். போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் உலோகத்துக்கும் பாத்திரத்துக்கும் பஞ்சம். எஞ்சிய தலைக்கவசங்களைத் தொழிற்சாலைகள் வடிதட்டாகவும் சட்டியாகவும் மாற்றி விற்றன. அவர் கையில் இருந்தது அந்த வடிதட்டு. என் கண்ணுக்கு அது எந்த அபூர்வ மாதிரியையும்விட மேலானது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

விசித்திரமான கவசங்களுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்கக் கடற்படையின் பெரிய தலைக்கவசம். முதலில் பார்ப்பவர், இது மனிதத் தலைக்கானதுதானா என்று கேட்பார். சாதாரண எம்-1 கவசத்தை அப்படியே விழுங்கிவிடும் போன்ற அகலம், காதுப் பக்கம் புடைத்த சுவர்கள், உள்ளே தடித்த மெத்தைகள். சாம்பல் வண்ணம் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். தரைப்படையின் கண்ணோடு பார்த்தால் இந்த அகலத்துக்கு அர்த்தமே புரியாது. கப்பலில் நின்று பார்க்க வேண்டும். போர்க்கப்பலில் கட்டளைகள் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒலிவிசைத் தொலைபேசி வழியாகப் போயின. அதற்கு மின்கலமே தேவையில்லை; பேசுபவரின் குரல் சவ்வை அதிரவைத்து, அந்த அதிர்வே மின்னோட்டத்தை உண்டாக்கும். மின்சாரம் அறுந்தாலும் பேச்சு அறாது. அந்தக் கருவியை அணிந்து கட்டளையை வாங்கித் திருப்பிச் சொல்வதையே வேலையாகக் கொண்ட மாலுமிக்கு இரு காதிலும் பெரிய கிண்ணங்கள், மார்பில் ஒலிவாங்கி. பீரங்கி முழங்கும் தளத்தில் அவருக்கும் கவசம் வேண்டும், ஆனால் காதுக் கிண்ணத்தைக் கழற்ற முடியாது. ஆகவே கிண்ணங்களுக்கும் சேர்த்தே கவசத்தைச் செய்துவிட்டார்கள். தலையை அளந்து செய்ததல்ல, வேலையை அளந்து செய்தது.

இதே பார்வையைப் பிடித்துக்கொண்டால் வேறு சில புதிர்களும் அவிழும். பிரெஞ்சு அட்ரியன் கவசத்தின் முன்விளிம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோல் மெத்தை வைத்திருந்தால், அதை அணிந்தவர் டாங்கியின் பார்வைத் துளையில் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தவர். எம்-1 போலவே இருந்து, காதருகே கீலில் ஆடும் தகடுகளும், மேற்பரப்பு முழுக்கப் பஞ்சுத்தூள் ஒட்டியதுபோன்ற சொரசொரப்பும் இருந்தால் அது குண்டுவீச்சு விமானத்தில் பறந்தது. அந்த உயரத்துக் குளிரில் வெறும் உலோகத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் அந்தப் பஞ்சுப் பூச்சு. காதுத் தகடுகளுக்கு இடையே காதொலிக் கருவி பொருந்தும். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் டாங்கி வீரர்கள் அணிந்த முகமூடியோ பார்க்கவே பயமாக இருக்கும்: தோல் போர்த்திய தகடு, கண்ணுக்குக் கீற்றுகள், வாய்க்குக் கீழே சங்கிலி வலைத் திரை. சித்திரவதைக் கருவி என்று இதை நினைத்தவர்கள் உண்டு. டாங்கியின் வெளிச்சுவரில் ரவை மோதும்போது உட்புறம் தெறிக்கும் சூடான உலோகத் துணுக்குகளிலிருந்து முகத்தைக் காக்கத்தான் அது. சில சமயம் எதிர்ப்பட்ட தீர்வே புதிராக மாறும். 1917-ல் மேற்கு முனைக்குப் போன போர்ச்சுகீசியப் படையின் கவசம் பிராடியின் அளவுதான், ஆனால் மேலே சுற்றிலும் மடிப்பு மடிப்பாக வரிகள் ஓடும். தகட்டுக்கு விறைப்பு கூட்டும் வரிகள் அவை. செய்தது பிரிட்டனில்.

கவசத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் கதையை எவ்வளவு நம்பலாம்? இதற்கு லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் உள்ள கொம்புக் கவசத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். செம்மறிக்கடாவின் சுருள் கொம்புகள், மூக்கின் மேல் கண்ணாடிச் சட்டம், எஃகு முகத்தில் சுருக்கங்களும் ஷேவ் செய்யாத தாடி மயிரும், மூக்கு நுனியில் ஒரு சளித்துளிகூட. லண்டன் கோபுரத்தில் நெடுங்காலம் இது இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் விகடகவி வில் சோமர்ஸ் அணிந்தது என்று காட்டப்பட்டது. கேட்டவர்கள் நம்பினார்கள். நம்பியதில் அறிவீனம் ஒன்றுமில்லை. கொம்பும் கண்ணாடியும் அந்தக் காலத்து ஓவியங்களில் கோமாளிக்கு உரிய அடையாளங்கள்தான். ஆனால் வேலைப்பாடு வேறு திசையைக் காட்டியது. அது இன்ஸ்புருக் நகரத்துக் கொல்லர் கோன்ராட் சொய்சன்ஹோஃபரின் பட்டறை வேலை. புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் 1511-ல் செய்யச் சொல்லி, 1514-ல் ஹென்றிக்கே பரிசாக வந்து சேர்ந்த முழுக் கவசத்தின் தலைப்பகுதி. மற்ற பகுதிகள் இங்கிலாந்து உள்நாட்டுப் போருக்குப் பிறகு பழைய இரும்பாகப் போய்விட்டன என்று கருதுகிறார்கள். எஞ்சியது இந்த முகம் மட்டும். அரசவைக் கொண்டாட்டத்தில் அரசர் அணிவதற்கான வேடிக்கைக் கவசத்தை, வேலையாளுக்கு உரியதாக்கிவிட்டது கதை. விகடகவியின் சம்பளத்தில் இன்ஸ்புருக்கிலிருந்து எஃகு முகம் வரவழைக்க முடியுமா என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

சாதாரணக் கவசங்களுக்கும் இப்படிக் கதை வளரும். "தாத்தா எதிரியைக் கொன்று எடுத்து வந்தது" என்பது அவற்றில் வெகுவாகப் பரவலானது. போர் முடிந்ததும் ஐரோப்பாவில் கைவிடப்பட்ட கவசங்கள் மலைமலையாகக் கிடந்தன. பொறுக்கி எடுக்க யாரையும் கொல்ல வேண்டியதில்லை. நார்வே, ஜெர்மானியர் விட்டுப்போன கவசங்களுக்கு வேறு வண்ணமும் வேறு உள்ளமைப்பும் கொடுத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. அப்படிப்பட்டதை "கலப்படம்" என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரே எஃகு இரண்டு நாடுகளுக்கு உழைத்திருக்கிறது. அந்த இரண்டாவது வாழ்க்கையும் அதன் வரலாறுதான். அதைப் படிக்க வேண்டுமானால் மேலே உள்ள வண்ணம் அப்படியே இருக்க வேண்டும். துருவைத் தேய்க்கிறேன் என்று உப்புத்தாள் எடுப்பவர்கள், அடுக்கடுக்காக இருக்கும் வண்ணத்தையும் அதற்கடியில் மங்கிக் கிடக்கும் சின்னத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். பளபளக்கும் வெறும் எஃகிலிருந்து ஓர் எழுத்தையும் மீட்க முடியாது.

படம் அனுப்ப நினைப்பவர்கள் முன்பக்கக் கம்பீரத்தை ஒதுக்கிவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, கவிழ்த்து உள்ளே ஒன்று எடுங்கள். ரிவிட்டுகள் எத்தனை, எந்த உயரத்தில் என்பது தெரிய வேண்டும். சோவியத் ஒன்றியத்தின் 1940 மாதிரிக்கு ஆறு ரிவிட்டுகள், அதுவும் விளிம்புக்கு அருகே. அதை வைத்தே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடலாம். விளிம்பின் ஓரம் மடித்திருக்கிறதா, வெட்டியபடியே விட்டிருக்கிறதா என்று அருகே போய் எடுங்கள். ஜெர்மனியின் 1942 மாதிரியைக் காட்டிக்கொடுப்பது அந்த மடிக்காத விளிம்புதான். காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள், அலுமினியமானால் அணிவகுப்புக்கோ தீயணைப்புக்கோ செய்ததாக இருக்கலாம். எடை போட்டுச் சொல்லுங்கள். விலை எவ்வளவு போகும் என்ற கேள்வியை மட்டும் விற்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.